மாவில் பதியாத குதிகால்

மாலை ஐந்து மணி பத்து நிமிடம்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் ஞாபகசக்தி காரணமல்ல, வீட்டுக்காரம்மாவின் பஞ்சாங்கம்தான் காரணம். ஐந்தேகாலோடு நல்ல நேரம் முடிகிறது. அதற்குள் கிருஷ்ணர் வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். அந்த அம்மாள் கூடத்துக் கடிகாரத்துக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஜல்தியா வாங்க! பாப்பாவுக்கு இன்னும் பாவாடையைத் தூக்கிக் கட்டலியா?"

திண்டிவனத்தில் அவர் வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை கிருஷ்ணர் பாதம் போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் கையை முஷ்டியாக மடக்கி, மாவில் தோய்த்துத் தரையில் வைத்து, மேலே ஐந்து விரலுக்கு ஐந்து பொட்டு வைத்துவிடுவார்கள். இந்த அம்மாளுக்கு அது போதாது. நிஜக் குழந்தையின் நிஜப் பாதம் வேண்டும். அதிலும் என் மகள் தேன்மொழியின் பாதம்தான் வேண்டும். அம்மன் அருளால் நேரான பாதம் என்று அதற்குத் தெரு முழுக்கப் பேர்.

"பொண்ணாச்சேம்மா, கிருஷ்ணருக்கு ஆகுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பாதத்துல ஏதும்மா ஆம்பள பொம்பள?" என்று சொல்லிவிட்டார். சீர்திருத்தம் எந்த வழியாக வீட்டுக்குள் நுழையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தேனுவுக்கு அப்போது மூன்று வயது. தாம்பாளத்தில் கரைத்து வைத்திருந்த அரிசி மாவில் அவளை இறக்கினோம். மாவு சில்லென்று இருக்கவே கூச்சத்தில் சிரித்தாள். என் கணவரின் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொள்ள, சிவப்பு சிமெண்டுத் தரையில் நடக்க ஆரம்பித்தாள்.

வலது பாதம் அச்சு வார்த்த மாதிரி விழுந்தது. குதிகால், வளைவு, ஐந்து விரல்கள். இடது பாதம் விழுந்த இடத்தில் கொடுக்காப்புளிக் காய் போல ஒரு கோணல் கோடு. பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல், உள்பக்கம் திரும்பிய நுனி. அவ்வளவுதான். குதிகாலைக் காணவில்லை.

அடுத்த இடது பாதமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கூடத்தில் எல்லோர் கண்ணும் தரைக்குப் போயிற்று. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"பாருங்கடி, கிருஷ்ணரு ஆடிக்கினே வர்றாரு!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"வெண்ணெ திருட வர்றவரு குதிகாலை ஊனுவாரா? நுனிக்கால்லதான் வருவாரு," என்று வீட்டுக்காரம்மா தீர்ப்பே எழுதிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

என்னைத் தவிர, சிரிக்காதவர் என் நாத்தனார் ஒருவர்தான். குனிந்தார். தன் கையை மடக்கி மாவில் தோய்த்து, ஒவ்வோர் இடது பாதத்துக்குப் பின்னாலும் ஒரு குதிகால் வைத்துக்கொண்டே போனார். பூஜை அலமாரியை எட்டியபோது கிருஷ்ணருக்கு இரண்டு காலும் சரியாக இருந்தன.

எனக்கு அந்தக் கோணல் கோடுகள் மட்டும்தான் தெரிந்தன. இன்றைக்கும் யாராவது கால் கழுவிவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஈரக்காலோடு நுழைந்தால், வாங்க என்று சொல்வதற்கு முன்னால் தரையைப் பார்க்கிறேன். விருந்தாளிகள் நான் தரை அழுக்காகிவிடுமோ என்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார்கள்.

கிரகணத்துக்கு வந்த சாட்சிகள்

தேனு பிறந்தபோதே இடது பாதம் உள்பக்கமாக மடிந்து, உள்ளங்கால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கோணக்கால் என்று மருத்துவச்சி சொல்லி முடிப்பதற்குள் உறவினர்கள் விசாரணைக் கமிஷன் அமைத்துவிட்டார்கள்.

"கிரகணத்தன்னிக்கி நீ காலை நீட்டிக்கினு படுத்தியா, மடக்கிக்கினு படுத்தியா?"

எனக்கு நினைவில்லை என்றேன். படித்தவள் பொய் சொல்கிறாள் என்று முடிவாயிற்று. நான் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்ததைப் பார்த்ததாக ஒருவர், அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கியதைப் பார்த்ததாக இன்னொருவர். அந்த மாதத்தில் கிரகணம் எதுவுமே கிடையாது என்று நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் காட்டியபோது, "இந்த ஊர்ல தெரியாத கெரகணமா இருக்கும்" என்று பதில் வந்தது.

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிக் காலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "பொட்டப் புள்ளயாப் போச்சே" என்று உச்சுக்கொட்டினார்கள். காப்பி குடித்தார்கள். போகும்போது இன்னொரு முறை பார்த்தார்கள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் வாராவாரம் மாவுக்கட்டுப் போட்டுப் போட்டுப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். அந்த ரயில் பயணங்களைப் பற்றி இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கடைசிக் கட்டை வெட்டி எடுத்த அன்று டாக்டர், அதிகம் பேசாத மனிதர், எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

"கால் நேராயிடுச்சு. வேலை முடியலை. இந்தக் காலுக்கு ஞாபகசக்தி ரொம்ப அதிகம். பழைய இடத்துக்குப் போகத்தான் பார்க்கும். அஞ்சு வயசு முடியற வரைக்கும் தூங்கும்போது பூட்ஸ் போடணும். நடக்க ஆரம்பிச்சுட்டாளேன்னு கழட்டிடாதீங்க."

நானும் என் கணவரும் பள்ளிப் பிள்ளைகள் போலத் தலையை ஆட்டினோம்.

நுகத்தடி

பூட்ஸ் என்றால் கடையில் விற்கிற பூட்ஸ் அல்ல. விரல் பக்கம் திறந்த இரண்டு சின்னத் தோல் பூட்ஸ். இரண்டையும் ஓர் இரும்புப் பட்டையின் இரு முனைகளில், பாதங்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி முடுக்கியிருந்தார்கள்.

"இன்னாடி இது, நொகத்தடி மாதிரி?" என்றார் நாத்தனார்.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் இறந்த பிறகு, கோலியனூருக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தம்பி வீட்டுக்கு வந்துவிட்டவர். நான் பள்ளிக்கூடம் போனால் தேனு அவர் மடியில். தூங்கவைப்பதும் அவரே. எங்கள் வீட்டில் செருப்பு வாசற்படி தாண்டியது கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில், தோல் பூட்ஸ் பாயேறித் தலையணை வரை வந்தது. அண்ணி முதல் வாரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே வாரைக் கட்டினார். பிறகு பழகிவிட்டது. குழந்தைக்கும் பழகிவிட்டது. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பாயில் டம் டம் என்று அடித்துப் பாட்டுப் பாடுவாள்.

ஆனால் அண்ணி யாருக்கும் தெரியாமல் தன் ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோயிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். இதில் அம்மன் பேரில் ஒரு குற்றமும் கிடையாது. எல்லோரும் வெள்ளியில் கால் செய்து போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். அண்ணி விவசாயக் குடும்பத்துப் பெண், நேரடியான ஆள். "எம்புள்ள நடந்துட்டா, அந்த நொகத்தடியையே கழட்டியாந்து உன் சந்நிதியில போட்டுடறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

தேனு நடந்தாள். இரண்டு பாதத்தையும் பதித்து நடந்தாள். தெரு வேடிக்கை பார்த்தது. அண்ணி தேதி குறித்தார்.

என் கணவரைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். விழுப்புரம் ரயில் நிலையத்தில் பார்சல் ஆபீஸில் வேலை. பகுத்தறிவுக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார். எங்கள் கல்யாணத்தையே ஐயர் இல்லாமல் நடத்தினவர். கடவுள் இல்லை என்று விழுப்புரத்தில் டீக்கடை மேஜையைத் தட்டிப் பேசுவார். அக்காவுக்கு முன்னால் மட்டும் தட்டுவதற்கு அவருக்கு மேஜை கிடைப்பதில்லை.

"டாக்டர் அஞ்சு வயசுன்னாரே," என்றேன்.

"டாக்டர் சொன்னது காலுக்கு. இது அக்காவோட மனசுக்கு. நாம சாமிக்கா குடுக்கிறோம்? அக்காவுக்குக் குடுக்கிறோம்."

"அப்புறம் ராத்திரிக்கு?"

"வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். பகுத்தறிவுவாதி மஞ்சள் துணியில் நுகத்தடியைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலை மூன்று சுற்று வந்தார். வேர்வை பொட்டுப் பொட்டாக வழிந்தது. பூசாரி துணியைப் பிரித்துப் பார்த்துப் பின்வாங்கினார்.

"தோலாச்சேம்மா! உள்ள எப்பிடி வெக்கிறது? சந்நிதியில செருப்பா?"

பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தில், பிள்ளை வரம் கேட்டுக் கட்டின தொட்டில்களுக்கு நடுவே, எங்கள் டாக்டர் கொடுத்த பூட்ஸ் தொங்கியது. காற்றில் கொஞ்சம் ஆடவும் செய்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அம்மனைச் சந்தேகப்படலாமா?

வேறு பூட்ஸ் வாங்கும் பேச்சை மறுவாரம் எடுத்தேன். அண்ணி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா பேசற நீ? ஆத்தா சரி பண்ணிட்டான்னு ஊரறிய நேர்த்திக்கடன் செலுத்திட்டு வந்து, மறுபடியும் இரும்பை மாட்டினா, நீ சரியாப் பண்ணலன்னு அவகிட்டயே சொல்ற மாதிரி ஆவாதா?"

அண்ணியின் வாதம் இப்படி நின்றது. வேண்டுதல் நிறைவேறிவிட்டது. நிறைவேறிய வேண்டுதல் கோணலாக முடியாது. ஆகவே கால் கோணவில்லை. எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில்கூட இவ்வளவு கச்சிதமான தர்க்கத்தை யாரும் நடத்திக் காட்டியதில்லை.

இதில் பெரிய வேடிக்கை உறவினர்கள். மாவுக்கட்டுப் பிரித்த காலத்தில், குண்டூசி போல நேராக இருந்த பாதத்தைப் பார்த்து, "இன்னும் லேசா ஒரு கோணல் தெரியுதே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள். இப்போது தேனு ஓடும்போது தன் கால் தடுக்கித் தானே விழுந்தாள். இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்தது. அதே உறவினர்கள் அதே திண்டிவனத்து பஸ்ஸில் வந்து இறங்கி, அதே காப்பியைக் குடித்துவிட்டு, "நடை எவ்ளோ ஒய்யாரமா வருது பாரு! அன்ன நடை!" என்றார்கள்.

கோணல் இல்லாதபோது பார்த்தவர்களுக்குக் கோணல் வந்தபோது கண் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தால், "டீச்சரம்மாவுக்கு எப்பவும் பேஜாருதான். நல்லதே தெரியாது" என்று கையை ஆட்டினார்கள்.

இப்படி இருந்தபோதுதான் கோகுலாஷ்டமி வந்தது.

அம்மனுக்கு என்ன வயது?

அன்று வீட்டுக்காரம்மாவின் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்த தேனுவைத் தூக்கிவந்து, கிணற்றடியில் காலைக் கழுவினேன். குதிகாலைக் கையில் ஏந்தி, பாதத்தின் முன்பக்கத்தை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தேன். முன்பெல்லாம் வெண்ணெய் மாதிரி வரும். இப்போது பாதி வழியில் நின்றுவிட்டது. குதிகால் மேலேயே ஏறி நின்றது.

"வலிக்குதும்மா," என்றாள். முறுக்கைக் கடித்தாள்.

சாயங்கால பாசஞ்சரில் கணவர் வந்ததும், துண்டைக்கூட எடுக்கவிடாமல் முன்கட்டுக்கு அழைத்துப் போய்த் தரையைக் காட்டினேன். கையால் போட்ட குதிகால் கொஞ்சம் தடிமனாக, தனியாகத் தெரிந்தது. வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுக்காரம்மாவின் சாய்வு நாற்காலியில், கேட்காமலே உட்கார்ந்துவிட்டார்.

பட்டணத்தில் அதே டாக்டர். காலைத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்த செருப்பைப் பார்த்தார்.

"ராத்திரி பூட்ஸ் போடறீங்களா?"

"இல்லைங்க."

"எங்கே அது?"

நான் கணவரைப் பார்த்தேன். கணவர் கூரையைப் பார்த்தார்.

"அம்மன்கிட்ட இருக்குதுங்க," என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "அவங்களுக்கு எந்த வயசு வரைக்கும் போடச் சொன்னாங்க?"

நான் அழுததை இங்கே எழுத வேண்டியதில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மறுபடி மாவுக்கட்டுப் போட்டுத் திருப்பிப் பார்க்கலாம், இந்த வயதிலும் கேட்கும் என்றார். ஆனால் கட்டுப் பிரித்த நாளிலிருந்து பூட்ஸ் போட்டாக வேண்டும், இன்னொரு முறை திரும்பினால் கத்திதான், கத்தி வைத்த பிறகும் பழைய நடை வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

முதல் கட்டோடு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். அண்ணி எழுந்தார். தன் புடவைகளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆத்தாளை நம்பாத வூட்ல எனக்கு இன்னா வேல? நான் போறேன்."

தேனு மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, அண்ணி ஏறிய விழுப்புரம் பஸ் போன திசையைப் பார்த்து அழுதாள்.

சாமியோட பொருள்

கட்டுகள் மாறின. பாதம் திரும்பியது. கடைசிக் கட்டைப் பிரித்தபோது புது பூட்ஸும் பட்டையும் தயாராக இருந்தன. ஆஸ்பத்திரியிலேயே மாட்டி அனுப்பினார்கள். குழந்தை அந்த அறையில் பயந்துபோய்ச் சும்மா இருந்தாள். மறுநாள் வீட்டில் குளிக்கவைக்கக் கழற்றியதோடு சரி. திரும்ப மாட்டப் போனால் இரண்டு காலையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு அலறினாள்.

"வாணாம்! அது சாமியோடது!"

"இது வேற பூட்ஸ் கண்ணு. புதுசு."

"அத்தை சொல்லிச்சி. அதைச் சாமிக்குக் குடுத்தாச்சி. சாமி பொருளை எடுத்தா சாமி கண்ணைக் குத்தும்."

பட்டப்பகலில் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம். தூங்கின பிறகு மாட்டிப் பார்த்தோம். விழித்து, கண்ணைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்ட வீறிட்டாள். கழற்றினால்தான் அடங்கினாள்.

சாமியெல்லாம் கிடையாது என்று அவள் தகப்பனார் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பேச்சை வீட்டுக்குள் பேசினார். நன்றாகவே பேசினார். கேட்டு முடித்த குழந்தை, "நீதானே தலையில வெச்சிக்கினு சுத்தினே?" என்றாள்.

அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். பகலில் பாதத்தை மேலே தள்ளிப் பார்ப்பேன். வெண்ணெய் மாதிரி வந்தது. அடுத்த நாளும் வந்தது. அதற்கு அடுத்த நாள் கடைசியில் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது போலத் தோன்றியது. உண்மையா, என் விரலின் பயமா, தெரியவில்லை. டாக்டர் சொன்ன கத்தி என்கிற வார்த்தை மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

கணவர் விழுப்புரத்திலிருந்து அக்காவுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பஸ்ஸில், ஒரு கையில் மல்லாட்டைக் கடலை மூட்டையும் மறு கையில் மஞ்சள் துணி மூட்டையுமாக அண்ணி வந்து இறங்கினார்.

கடலை மூட்டையை வாசலிலேயே இறக்கினார். நேராகக் கூடத்துக்கு வந்து, செருப்பே ஏறாத எங்கள் பாயில் மஞ்சள் துணியைப் பிரித்தார். வேப்பமரத்து நுகத்தடி. பட்டை துருவேறியிருந்தது. தோல் மழையில் நனைந்து விறைத்திருந்தது. ஒரு பூட்ஸுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அண்ணி அதைக் கட்டைவிரலால் நோண்டி எடுத்து வெளியே எறிந்தார்.

தேனு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அத்தை, அதை ஏன் எடுத்தாந்தே? சாமி குத்தும்."

"நான் எடுக்கல. சாமியே திருப்பிக் குடுத்துடுச்சி."

"ஏன்?"

"அதுக்குக் காலு பெருசு. போட்டுப் பாத்துது, நுழையல. வேற யாருக்காச்சும் குடுன்னுடுச்சி. எங்க, உனக்கு நுழையுதா பாரு."

குழந்தை தயங்கித் தயங்கி வந்தாள். காலை விட்டுப் பார்த்தாள். குதிகால் வெளியே நின்றது.

"எனக்கும் பத்தல அத்தை!" என்று கைதட்டிச் சிரித்தாள்.

"அதான் உங்கம்மா பெருசா வாங்கியாந்து வெச்சிருக்கா. நீட்டு காலை."

நீட்டினாள். நான் புது பூட்ஸை எடுத்து வந்தேன். வாரைக் கொக்கியில் மாட்டப் போனேன். அண்ணி வாங்கி இழுத்துக் கட்டினார். கட்டுமுன் அந்த இடது குதிகாலை உள்ளங்கையில் வைத்து, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாவுன்னா கையால குதிகாலு போட்டுடலாம்," என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே. "அன்னிக்கி போட்டுட்டு வந்து படுத்தேனே, அதிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல புள்ள."

தேனு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பாயில் டம் என்று அடித்தாள்.

கதவருகே நின்றுகொண்டிருந்த என் கணவர் முன்னால் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா, நான்கூட... பெருமுக்கல் மலைக் கோயிலுக்கு வந்து மொட்டை போட்டுக்கிறதா..."

அண்ணி திரும்பி, பகுத்தறிவுவாதியைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தார்.

"அஞ்சு வயசு முடியற வரைக்கும் இந்த வூட்ல யாரும் எதையும் வேண்டிக்கக் கூடாது," என்றார்.